பிணம் சுமந்தவர் மேல் பழி: ஜெர்மன் நகரங்களின் கொள்ளைநோயும் ‘சுகாதாரத் தீண்டாமை’ என்கிற புளுகும்

“அந்தக் காலத்துல நம்ம பெரியவங்க தள்ளி நின்னது சாதித் திமிர்ல இல்லீங்க, சுகாதாரத்துக்காக. பொணம் தூக்கறவன், செத்த மாடு உரிக்கறவன், மலம் அள்றவன் இவங்ககிட்ட நோய் ஒட்டியிருக்கும். அதான் தூரமா வெச்சாங்க. இப்ப விஞ்ஞானமும் அதத்தான சொல்லுது?”

2020-இல் கொரோனா வந்தபோது இந்தப் பேச்சு கைபேசிக்குக் கைபேசி தாவியது. பேசியவர்கள் அக்கிரகாரத்துக்காரர்கள் மட்டுமில்லை. படித்தவர்கள், பகுத்தறிவு பேசுகிறவர்கள், நம்மோடு மேடையில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள் வாயிலும் இது வந்தது. பேச்சு ஒன்றும் புதுசில்லை. வேதத்தைக் காட்டித் தீண்டாமைக்கு வக்காலத்து வாங்க முடியாத இடத்தில் சோப்பைக் காட்டி வாங்குகிற பழைய தந்திரம்தான். மநுவைக் கும்பிடக் கூச்சப்படுகிறவர் கிருமியைக் கும்பிடுகிறார்.

இதை நம்ம ஊரை வைத்து மட்டும் உடைத்தால், ‘உனக்கு வலிக்குது, அதனால கத்தற’ என்று ஒதுக்கிவிடுவார்கள். சரி, நம்ம ஊரை விட்டுவிடுவோம். வேதமும் மநுவும் எட்டிப் பார்க்காத ஒரு மண்ணுக்குப் போவோம். 1347-இல் ஐரோப்பாவுக்குள் நுழைந்த பிளேக், ஜெர்மன் நகரங்களை 1713 வரை விடவில்லை. முந்நூற்று அறுபது வருஷத்துக்கு மேல், தலைமுறைக்கு ஒரு தடவையாவது வந்து வாரிக்கொண்டு போனது. அதே நகரங்களில் தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட மனிதர்களும் இருந்தார்கள். நிஜமான கொள்ளைநோயும் நிஜமான ஒதுக்கலும் ஒரே மதிலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நோய்க்குப் பயந்துதான் மனுசன் மனுசனை ஒதுக்குகிறான் என்பது உண்மையானால், அது இங்கே தெரிந்தாக வேண்டும். தெரிகிறதா என்று பார்ப்போம்.

1

முதலில் அந்த ஒதுக்கப்பட்டவர்கள் யார்?

ஜெர்மன் மொழியில் அவர்களுக்கு ‘உன்ஏர்லிஷ்’ என்று பெயர். இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு ‘நேர்மையில்லாதவர்’ என்று பொருள். அன்றைக்கு ‘மானம் இல்லாதவர்’ என்று பொருள். அவர் செய்த தப்புக்காக மானம் போகவில்லை. பார்த்த வேலைக்காகப் போனது, அல்லது அந்த வேலை பார்த்தவருக்குப் பிள்ளையாகப் பிறந்ததற்காகப் போனது.

உச்சத்தில் (அதாவது அடியில்) இருவர். ஒருவர் நகரசபையின் கட்டளைப்படி தூக்குப் போடுகிறவர். இன்னொருவர் செத்த மாடு, குதிரை, நாய்களை அப்புறப்படுத்தித் தோல் உரிக்கிறவர். பல ஊர்களில் கக்கூஸ் குழி அள்ளுகிற வேலையும் இந்த இரண்டு வீடுகளின் தலையில்தான் விழுந்தது. இவர்களுக்கு அடுத்து, ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறி, பிணக்குழி வெட்டுகிறவர், சிறைக் காவலாளி, இரவுக் காவலாளி, தெருக் கூட்டுகிறவர். தூக்குப் போடுகிறவருக்குச் சாராயக் கடையில் தனி முக்காலி, தனிக் குவளை. தேவாலயத்தில் தனி இடம். அவரோடு உட்கார்ந்து குடித்த கைவினைஞரைச் சங்கத்திலிருந்து தள்ளிவைப்பார்கள். படித்ததும் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இருக்கும்.

இங்கே ‘சங்கம்’ என்பதை விளக்க வேண்டும். தச்சர், கொல்லர், நெசவாளர், ரொட்டி சுடுகிறவர், கசாப்புக்காரர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கைவினைச் சங்கம் இருந்தது. அதில் உறுப்பினர் இல்லையென்றால் நகரத்தில் அந்தத் தொழில் செய்யமுடியாது. உள்ளே சேர வேண்டுமானால் பிறப்புப் பத்திரம் காட்டவேண்டும்: முறையான திருமணத்தில் பிறந்தவன், மானமுள்ள அப்பன் ஆத்தாளுக்குப் பிறந்தவன் என்று. கிழக்கே பல ஊர்களில் ‘ஜெர்மன் ரத்தம்’ என்றும் காட்டவேண்டும். ஸ்லாவிய மொழி பேசிய வெண்டு மக்களை வெளியே நிறுத்தினார்கள். வாசலில் காவல் நிற்பது பிறப்பு. உள்ளே பாதுகாக்கப்படுவது பிழைப்பு.

இப்போது நமது சுகாதார வக்கீலிடம் கேட்போம். மாட்டைக் கொல்கிற கசாப்புக்காரர் நாள் முழுக்க ரத்தத்தில்தான் நிற்கிறார். அவர் மானமுள்ள சங்கத்துக்காரர், நகர விழாவில் முன்னால் நடக்கிறவர். தானாகச் செத்த மாட்டைத் தொட்டவர் தீண்டத்தகாதவர். அவர் உரித்துக் கொடுத்த அதே தோலை வாங்கி ஊறவைத்துப் பதனிடுகிறவர் பல நகரங்களில் மறுபடி மானமுள்ளவர்! தோல் ஒன்றுதான், நாற்றம் ஒன்றுதான். நடுவில் கை மாறியதும் தீட்டு எங்கே போனது?

1548-இல் புனித ரோமப் பேரரசின் காவல் சட்டம் ஒரு ஆணை போட்டது: இன்னின்ன தொழிலாரின் பிள்ளைகளைச் சங்கங்கள் ஒதுக்கக்கூடாது என்று. ஆணை போடவேண்டிய நிலைமை இருந்தது என்பதால் அந்தப் பட்டியல் நமக்கு முக்கியம். லினன் துணி நெய்கிறவர், சவரம் செய்கிறவர், மேய்ப்பர், மாவு அரைக்கிறவர், சுங்கம் வசூலிக்கிறவர், குளியல் விடுதி நடத்துகிறவர், குழல் ஊதுகிறவர், முரசு அடிக்கிறவர்.

குழலிலிருந்து என்ன நோய் வரும்? முரசுத் தோலில் எந்தக் கிருமி குடியிருக்கிறது? சுங்கச்சாவடியில் காசு வாங்குகிறவர் எந்தப் பிணத்தைத் தொட்டார்? பதில் கிடையாது.

2

பிளேக் வந்தபோது என்ன நடந்தது?

வைத்தியர்களின் பழைய அறிவுரை மூன்று துண்டு: சீக்கிரம் கிளம்பு, தூரமாய்ப் போ, மெதுவாய்த் திரும்பி வா. மருந்து இல்லாத காலத்தில் இதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் இந்த மருந்துக்கு வண்டி வேண்டும், குதிரை வேண்டும், வேறு ஊரில் வீடு வேண்டும், வேலை செய்யாமல் நாலு மாசம் சாப்பிடக் காசு வேண்டும். பெருவணிகர் போனார். பிரபு போனார். 1527-இல் விட்டன்பர்கில் பிளேக் வந்ததும் பல்கலைக்கழகமே மூட்டை கட்டிக்கொண்டு யேனாவுக்குப் போய்விட்டது.

போகமுடியாதவர் யார்? ஆக்ஸ்பர்க் நகரத்தை எடுத்துக்கொள்வோம். ஃபுகர் மாதிரி பேரரசனுக்கே கடன் கொடுத்த முதலாளிகள் வாழ்ந்த ஊர். அதே ஊரின் வரிப் பதிவேட்டில் ‘ஹாப்நிட்ஸ்’ என்று ஒரு தனி வகை உண்டு. ‘ஒண்ணுமில்லாதவன்’ என்று அர்த்தம். நெசவாளர் பலர் அந்தக் கணக்கில் இருந்தார்கள். நூல் அறுந்துபோகாமல் இருக்க ஈரமான நிலவறையில் தறி போட்டு நெய்தவர்கள். 1627–28-இல் வந்த பிளேக் அந்த நகரத்தில் சுமார் 9000 பேரைக் கொண்டுபோனது. முப்பதாண்டுப் போருக்கு முன்னால் நாற்பதாயிரத்துக்கும் மேல் இருந்த ஜனம், படையும் பசியும் அடுத்தடுத்து வந்த நோயும் சேர்ந்து அடித்ததில், 1635-இல் தலை எண்ணியபோது பதினாறாயிரத்துச் சொச்சம்.

இது கிருமியின் ‘சமத்துவம்’ இல்லை. சாவு ராசாவையும் பிச்சைக்காரனையும் ஒரே கையில் பிடித்து ஆடுவதாக அன்றைய ஓவியர்கள் சுவரெங்கும் வரைந்து வைத்தார்கள். படம் அழகு. ஆனால் ராசா அந்நேரம் வேட்டை மாளிகையில் இருந்தார். எலியும் தெள்ளுப்பூச்சியும் எங்கே பெருகும்? தானியமும் துணியும் வைக்கோல் படுக்கையும் ஒரே அறையில் கிடக்கிற இடத்தில் பெருகும், எட்டுப் பேர் ஒரே பாயில் படுக்கிற இடத்தில் பெருகும். நோய் கண்ட வீட்டை நகரசபை அடைத்தது. உள்ளே இருப்பவரை உள்ளேயே வைத்துப் பூட்டியது, துணியையும் படுக்கையையும் கொளுத்தியது. ஏழைக்கு அந்தப் படுக்கைதான் சொத்து.

சரி, நோயாளியை யார் தூக்கியது? பிணத்தை யார் சுமந்தது? பூட்டிய வீட்டுக்குள் யார் போனது? இதைத்தான் சுகாதார வக்கீல் கேட்கமாட்டார். குழி வெட்டுகிறவர், நோயில்லத்து வேலையாள், பிணவண்டிக்காரர் என்று எல்லாம் அடிமட்டத்து ஆட்கள். ‘நோய் பரவாமல் இருக்க மற்றவரோடு கலக்காதே’ என்று தேவாலயத்திலும் சந்தையிலும் சாராயக் கடையிலும் இவர்களை ஒதுக்கினார்கள். தெருநாய்களைக் கொல்ல ஆணை போட்டார்கள், அதையும் தோல் உரிக்கிறவர் தலையில் கட்டினார்கள்.

ஒதுக்கல் நோய்த் தடுப்பு என்றால், ஒதுக்கப்பட்டவர் நோயிலிருந்து தூரமாக இருக்கவேண்டும் அல்லவா? இங்கே தலைகீழ். நோய்க்கு மிக அருகில் தள்ளப்பட்டவர் அவர்தான். தூரம் அவருக்குக் கிடைக்கவில்லை, மற்றவருக்குத்தான் கிடைத்தது. அந்தத் தூரத்துக்கு விலையாக அவருடைய உடம்பைக் கொடுத்தார்கள். தீட்டு என்பது நோயைத் தடுத்த மதில் இல்லை. நோயின் வாயில் யாரைத் தள்ளுவது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்த பட்டியல்.

3

தள்ளியதோடு விட்டார்களா? 1606-க்கு வாருங்கள்.

சிலேசியாவில் ஃபிராங்கன்ஸ்டைன் என்று ஒரு ஊர். இன்றைக்குப் போலந்து நாட்டில் இருக்கிறது. அந்த வருஷம் பிளேக் கடுமையாக அடித்தது. செத்தவர்களை அள்ளிப் புதைத்தவர்கள் ஊர்ப் பிணக்குழிக்காரர்கள். கொஞ்ச நாளில் ஊரார் கணக்குப் போட்டார்கள்: பிளேக்கால் இவர்களுக்குத்தான் வேலை, இவர்களுக்குத்தான் கூலி. ஆகவே நோயைப் பரப்பியதே இவர்கள்தான். பிணத்திலிருந்து விஷப்பொடி செய்து வீட்டு வாசல்களிலும் கதவுப் பிடிகளிலும் தடவினார்கள் என்று பழி. பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். சித்திரவதையில் யாரும் எதையும் ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொண்டார்கள். ஊர் கூடி நிற்க, குறட்டால் சதையைப் பிய்த்து உயிரோடு எரித்தார்கள். அது ஆக்ஸ்பர்க் வரை செய்தித்தாளாக அச்சாகி விற்றது.

ஊரின் பிணத்தையெல்லாம் சுமந்தவரின் உடம்பைக் கடைசியில் ஊரே சுட்டது. நோய் நின்றதா? சாம்பலுக்கு அந்தச் சக்தி கிடையாது.

‘அறியாமை, மூட ஜனம்’ என்று இதைத் தள்ளிவிடக்கூடாது தோழர்களே. படித்தவர் என்ன சொன்னார் என்றும் பார்க்கவேண்டும். 1527 பிளேக்கில் மார்ட்டின் லூதர் விட்டன்பர்கை விட்டு ஓடவில்லை. அது அவருடைய துணிச்சல், மறுக்கவேண்டியதில்லை. ‘சாவுக்குப் பயந்து ஓடலாமா’ என்று பிரெஸ்லாவ் நகரத்துப் போதகர்கள் கேட்டதற்கு அவர் எழுதிய பதில் அச்சாகி வந்தது. போதகரும் அதிகாரியும் கடமையை விட்டு ஓடக்கூடாது, அண்டைவீட்டான் ஆதரவில்லாமல் கிடந்தால் விட்டுப் போகக்கூடாது என்கிறார். நல்ல வார்த்தை. அதே எழுத்தில் இன்னொன்றும் சொல்கிறார்: வேண்டுமென்றே நோயைப் பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பிடித்துத் தூக்குப் போடுகிறவரிடம் ஒப்படைக்கவேண்டும். பரப்புகிறவன் இருக்கிறான் என்று பெரியவர் ஒரு தடவை எழுதிவிட்டால் போதும். அவன் யார் என்று கண்டுபிடிக்க ஊருக்குத் தெரியும். இதே லூதர்தான் 1543-இல் யூதர்களுக்கு எதிராக எழுதிய நூலில் கிணற்றில் விஷம் கலக்கிற பழைய பழியை மறுபடி எடுத்துத் தூசு தட்டினார்.

4

அந்தக் கிணற்று விஷத்தின் கதையைச் சொல்லாமல் போகமுடியாது. நாம் பேசுகிற காலத்துக்குக் கொஞ்சம் முந்தியதுதான். ஆனால் பின்னால் வந்ததுக்கெல்லாம் அங்கேதான் வேர்.

1348–49. பிளேக் தெற்கிலிருந்து மேலேறி வருகிறது. யூதர்கள் கிணற்றில் விஷம் போட்டார்கள் என்ற செய்தி பிளேக்கை விட வேகமாக வருகிறது. யூதர்களும் இதே நோயில்தான் சாகிறார்கள், யூதர்களே இல்லாத இடத்திலும் நோய் இருக்கிறது என்று அன்றைய போப் ஆறாம் கிளமென்ட் 1348-இலேயே எழுதினார். கேட்க ஆளில்லை. பாசெல், ஃபிரைபூர்க், ஸ்பையர், எர்ஃபுர்ட், மைன்ஸ் என்று 1349 முழுக்க ஊர் ஊராக எரிந்தது.

ஸ்ட்ராஸ்பூர்கில் நடந்ததைக் கவனமாகப் பாருங்கள். அங்கே நகரசபைத் தலைவர்கள் யூதர்களைக் கொல்லச் சம்மதிக்கவில்லை. பிப்ரவரியில் கைவினைச் சங்கங்கள் திரண்டன. பழைய சபையைக் கவிழ்த்தன. சங்கத்துக்காரர்கள் அதிகாரத்துக்கு வந்தார்கள். மேட்டுக்குடி ஆட்சியை உழைப்பாளிகள் கவிழ்த்தார்கள், ஆகா, புரட்சி! அந்தப் புரட்சியின் முதல் வேலை என்ன? பிப்ரவரி 14 அன்று யூதர்களை அவர்களுடைய இடுகாட்டிலேயே மரமேடை கட்டி நூற்றுக்கணக்கில் எரித்தார்கள். கடன் பத்திரங்களும் அடகுப் பொருள்களும் கடன்காரர் கைக்குத் திரும்பின. ரொக்கத்தைச் சங்கத்துக்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவர்களை எரித்த விஷம் அவர்களுடைய பணம்தான் என்று அந்த ஊர் வரலாற்றேடே எழுதி வைத்திருக்கிறது. பிளேக்? அது இன்னும் ஊருக்குள் வரவேயில்லை. சில மாதம் கழித்துத்தான் வந்தது.

நியூரம்பர்க் இன்னும் சுத்தம். யூதர் வீடுகளை இடித்துச் சந்தைத் திடல் கட்டிக்கொள்ளலாம் என்று மன்னன் நான்காம் கார்ல் நகரசபைக்கு அனுமதிப் பத்திரம் கொடுத்தது 1349 நவம்பரில். கொலை நடந்தது டிசம்பர் 5-இல். 562 பேர். முதலில் மனைப் பத்திரம், பிறகு பிணம். தொழுகைக்கூடம் இருந்த இடத்தில் மாதா கோயில் எழுந்தது. திடல் இன்றைக்கும் நகரத்தின் நடுச் சந்தை.

வர்க்கம் ஒன்றுபட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகும் என்று நமக்கு வகுப்பெடுக்கிற இடதுசாரித் தோழர்கள் ஸ்ட்ராஸ்பூர்கை ஒரு தடவை படிக்கவேண்டும். சங்கத்துக்காரன் உழைப்பாளிதான், சுரண்டப்பட்டவன்தான், மேலே இருப்பவனை எதிர்த்து நின்றவன்தான். ஆனால் அவன் சங்கத்தின் வாசலில் பிறப்புப் பத்திரம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றாமல் அவன் செய்த எழுச்சி, கீழே இருப்பவன் மேல் போய் விழுந்தது. வேலைநிறுத்தம் செய்யத் தெரிந்த கைவினைத் தொழிலாளிக்கு, தூக்குப் போடுகிறவரின் மகனோடு ஒரே பட்டறையில் உட்காரத் தெரியவில்லை. இது எங்கள் கற்பனை இல்லை, அவர்களுடைய சொந்தப் பதிவேடு.

5

இப்போது ஒரு மனிதரின் கதை. சுகாதார வாதத்தைக் கழுவிலேற்ற இவர் ஒருவர் போதும்.

ஃபிரான்ஸ் ஷ்மிட். 1578-இலிருந்து நாற்பது வருஷம் நியூரம்பர்க் நகரத்தின் தூக்குப் போடுகிறவர். முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மரண தண்டனைகளை நிறைவேற்றியவர், ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தவர். இவர் இந்த வேலைக்கு எப்படி வந்தார்? அவருடைய அப்பா ஹைன்ரிஷ், ஹோஃப் என்கிற ஊரில் மரம் வெட்டிப் பிழைத்த மானமுள்ள மனிதர். 1553-இல் அந்தப் பகுதிச் சிற்றரசன் தன்னைக் கொல்லச் சதி செய்ததாகத் துப்பாக்கி செய்யும் மூன்று பேரைப் பிடித்தான். தூக்குப் போட ஆளைக் கூப்பிட்டனுப்பப் பொறுமையில்லை. வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து ஹைன்ரிஷைக் கைகாட்டி ‘நீ போடு’ என்றான். மறுத்தால் உன்னையும் தொங்கவிடுவேன் என்றான். போட்டார். அன்று சாயங்காலத்திலிருந்து அந்த ஊர் அவரைத் தொடவில்லை. வேறு தொழில் கிடைக்கவில்லை. அதே வேலைக்குத்தான் போகவேண்டியதாயிற்று. மகனுக்கும் அதே வேலை.

ஒரு நாள் காலையில் மானமுள்ளவராக எழுந்தவர், சாயங்காலம் பிறவித் தீட்டானார். இடையில் எந்தக் கிருமி நுழைந்தது? நுழைந்தது ஒரு சிற்றரசனின் விரல்.

ஃபிரான்ஸ் ஷ்மிட்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது: வைத்தியம். எலும்பு முறிவு, காயம், புண். தன் வாழ்நாளில் 15,000 பேருக்கு மேல் குணப்படுத்தியதாக அவரே பின்னால் எழுதினார். சாராயக் கடையில் அவர் பக்கத்தில் உட்காராத ஊர், கால் ஒடிந்தால் அவர் வீட்டுக்குத்தான் போனது. அவர் கை ஜென்மத் தீட்டு. அதே கை முட்டியைப் பிடித்து நீவிவிட்டால் சுகம். இது ஷ்மிட்டோடு முடிகிற விஷயமில்லை. தூக்கிலிடப்பட்டவர் உடம்பின் கொழுப்பை மூட்டுவலிக்குத் தைலமாக ஜெர்மன் மருந்துக்கடைகள் விற்றன. கொடுத்தவர் தூக்குப் போடுகிறவர், அவர் தீட்டு. விற்ற கடைக்காரர் கனவான். பூசிக்கொண்டவர் பக்தர்.

1585-இல் நியூரம்பர்கில் பிளேக். ஷ்மிட்டின் இரண்டு பிள்ளைகள் செத்தார்கள். நோய் அவரிடமிருந்து ஊருக்குப் போகவில்லை. ஊரில் எல்லாருக்கும் வந்த நோய் அவர் வீட்டுக்கும் வந்தது, அவ்வளவுதான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் பேரரசன் இரண்டாம் ஃபெர்டினாண்டுக்கு விண்ணப்பம் போட்டார்: என் குடும்பத்தின் மானத்தைத் திருப்பிக் கொடுங்கள். அப்பாவை எப்படிக் கட்டாயப்படுத்தினார்கள் என்று எழுதினார். எத்தனை பேருக்கு வைத்தியம் பார்த்தேன் என்று எழுதினார். 1624-இல் முத்திரை போட்ட பத்திரம் வந்தது: உனக்கும் உன் வாரிசுகளுக்கும் இன்று முதல் தீட்டு இல்லை. எழுபது வருஷத் தீட்டு ஒரு மெழுகு முத்திரையில் போய்விட்டது.

காகிதத்தைக் கண்டு சாகிற கிருமியை எந்த விஞ்ஞானி கண்டுபிடித்திருக்கிறார்?

இன்னொரு வழக்கம். தூக்குமரம் பழுதானால் அதைத் தொடுகிற தச்சனுக்கும் கொத்தனுக்கும் தீட்டு. ஆனால் மரம் இல்லாமல் நீதி நடக்காது. என்ன செய்தார்கள்? ஊரின் தச்சர், கொத்தர் அத்தனை பேரையும் ஒன்றாகத் திரட்டி, மேளதாளத்தோடு ஊர்வலம் போய், ஆளுக்கு ஒரு அடி அடிக்கவைத்தார்கள். எல்லாரும் தொட்டதால் யாருக்கும் தீட்டில்லை! வேண்டும்போது கூட்டமாகச் சேர்ந்து தீட்டை அணைத்து வைக்கலாம், வேலை முடிந்ததும் மறுபடி ஏற்றலாம். தொற்றுநோயில் எல்லாரும் தொட்டால் எல்லாரும் சாவார்கள். தீட்டில் எல்லாரும் தொட்டால் தீட்டே செத்துப்போகும். இரண்டும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

6

கடைசியில் என்ன ஆனது?

1709-இலிருந்து பிளேக் பால்டிக் கரையோரம் கடைசியாகப் பெரிசாக அடித்தது. பெர்லினுக்கும் வரும் என்று பயந்து, 1710-இல் பிரஷ்ய மன்னன் மதிலுக்கு வெளியே ஒரு பிளேக் மனை கட்டினான். பிளேக் பெர்லினுக்கு வரவில்லை. கட்டடம் சும்மா கிடக்கவில்லை. பிச்சைக்காரர், கதியற்ற ஏழை, கலியாணமில்லாமல் கர்ப்பமான பெண் என்று ஊர் ஒதுக்கியவர்களைக் கொண்டுபோய் அடைத்தார்கள். 1727-இல்தான் அது மருத்துவமனை ஆனது. இன்றைக்கு உலகப் புகழ் பெற்ற ‘ஷாரிட்டே’ அதுதான். நோய் வராவிட்டாலும் நோய்க்கென்று போட்ட வேலிக்குள் யாரைத் தள்ளவேண்டும் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது.

1731-இல் பேரரசு புதிய சட்டம் கொண்டுவந்தது. பிணக்குழி வெட்டுகிறவர், காவலாளி, தெருக் கூட்டுகிறவர் முதலானோரின் பிள்ளைகளைச் சங்கங்கள் ஒதுக்கக்கூடாது என்றது. கருணையில் வந்த சட்டமில்லை. சங்கங்களின் முறுக்கையும் கைவினைத் தொழிலாளரின் கட்டுப்பாட்டையும் அரசு தன் பிடிக்குள் கொண்டுவர நினைத்தது, அதில் இது ஒரு ஆயுதம். அப்போதும் தோல் உரிக்கிறவரின் பிள்ளைகளுக்குத் தலைமுறைக் கணக்கு வைத்துக் கதவைச் சாத்தியே வைத்தார்கள். அதைத் திறக்க 1772 வரை ஆனது. சட்டம் வந்தபிறகும் சங்கங்கள் முரண்டு பிடித்தன. சங்கங்களின் தனியுரிமையே ஒழிந்து, யாரும் எந்தத் தொழிலும் செய்யலாம் என்ற நிலை 19-ஆம் நூற்றாண்டில் வந்தபோதுதான் தீட்டும் கரைந்தது.

தேதிகளைக் கவனியுங்கள். பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தது 1894-இல். அதற்கு முன்பே அங்கே தீட்டு செத்துப்போய்விட்டது. சுகாதார அறிவு வந்து தீட்டைப் போக்கவில்லை. தொழில்மேல் இருந்த பூட்டு உடைந்தபோது போனது. பூட்டுத்தான் அதன் உயிர்.

அங்கே ஒதுக்கப்பட்டவரும் நாமும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. அங்கே ஊருக்குச் சில குடும்பங்கள், இங்கே ஊருக்கு ஒரு சேரி. அங்கே பேரரசன் முத்திரை போட்டால் போகிற தீட்டு, இங்கே அரசியல் சட்டத்தின் பதினேழாம் பிரிவு போட்டும் போகாத தீட்டு. அங்கே அதைக் காக்க ஒரு சங்க விதி, இங்கே சாஸ்திரமும் கோயிலும் நிலமும் சேர்ந்து நிற்கிறது. அளவு வேறு, ஆழம் வேறு. ஆனால் பொய் ஒன்றுதான்: ‘நோய்க்குப் பயந்து ஒதுக்கினோம்.’

அந்தப் பொய் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் ஜெர்மனியே காட்டியது. பிணக்குழிக்காரர் மேலிருந்த பழி மறைந்தது. யூதர் மேலிருந்தது மறையவில்லை. 1940-இல் வார்சாவில் யூதர்களை மதில் கட்டி அடைத்த நாஜிகள் அந்த இடத்துக்கு வைத்த பெயர் ‘தொற்றுநோய்த் தடைப் பகுதி’. மதிலுக்குள் நெருக்கி அடைத்துப் பட்டினி போட்டதால்தான் உள்ளே டைஃபஸ் பெருகியது. நோயைக் காரணம் சொல்லி அடைத்தார்கள். அடைத்ததால் நோய் வந்தது. பார்த்தீர்களா நாங்கள் சொன்னது சரி என்றார்கள். பிறகு ரயில் வந்தது.

ஆகவே ‘சுகாதாரத் தீண்டாமை’ என்று யாராவது மென்மையாகப் பேச ஆரம்பித்தால், அறியாமையால் பேசுகிறார் என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அது விளையாட்டுப் பேச்சில்லை. நிறுத்தி வைத்துக் கேளுங்கள்: நோய்க்குத்தான் பயம் என்றால், நோயாளி வீட்டுக்குள் எங்களை ஏன் அனுப்புகிறாய்? பிணத்துக்குத்தான் பயம் என்றால், உன் அப்பன் பிணத்தை எங்கள் தோளில் ஏன் வைக்கிறாய்? அழுக்குக்குத்தான் பயம் என்றால், கையுறை கேட்டால் ஏன் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறாய்?

2020-இலும் பிணத்தைத் தூக்கியவர் யார், குப்பையை அள்ளியவர் யார், எரிமேடையில் இரவு பகலாக நின்றவர் யார் என்று நமக்குத் தெரியும். கைதட்டினார்கள், பூத் தூவினார்கள். தனி டம்ளரை எடுத்து உள்ளே வைத்தார்களா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.